நியூயோரிக்கன் கவிதை இரவுகள்

நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ மக்களின் வழிவந்த கவிஞர்கள், ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்த தங்கள் கவிதைகளுக்கு இலக்கிய அவைகளில் இடம் அரிதாக இருந்த நிலையில், 1973ஆம் ஆண்டு தங்களில் ஒருவரான மிகேல் அல்கரீனின் வீட்டுக் கூடத்தையே அரங்காக்கிக்கொண்டனர். ‘நியூயோரிக்கன் கவிஞர் கஃபே’ அவ்வாறு தோன்றியது. நியூயோரிக்கன் என்பது நியூயார்க்வாழ் போர்ட்டோ ரிக்கர்களைக் குறிக்கும். இக்கவிதை மரபின் வேர் தெருப் போராட்டங்களில் இருந்தது: ஏழைக் குழந்தைகளுக்கு இலவசக் காலையுணவு வழங்க இடம் கேட்டு மறுக்கப்பட்ட, போர்ட்டோ ரிக்க இளைஞர்களின் ‘யங் லார்ட்ஸ்’ இயக்கத்தினர், 1969 டிசம்பரில் கிழக்கு ஹார்லெம் தேவாலயம் ஒன்றைக் கைப்பற்றியபோது, கவிஞர் பெட்ரோ பியெத்ரி அங்கே கவிதை வாசித்தார். பார்வையாளரிலிருந்து தெரிவாகும் நடுவர்கள் மதிப்பெண் இடும் ‘ஸ்லாம்’ கவிதைப் போட்டி, 1980களின் இறுதியில் கஃபேக்கு வந்தது. கவிதைக்கு மதிப்பெண்ணா என்று முகஞ்சுளிப்பதில் நியாயம் உண்டு. எனினும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க, ஆசியக் கவிஞர் பலர், பதிப்பாளரின் தயவை எதிர்பாராமல் மக்களை நேரடியாகச் சென்றடைய இம்மேடை வழிசெய்தது.