பழைய லேப்டாப்பில் கம்பியில்லா இணையம் பெறுவது எப்படி?

ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் இன்றும் நெல்லும் கீரையும் பூவும் பயிரிட்டு வரும் வீடுகள் பலவற்றில் பழைய லேப்டாப் ஒன்று பரண்மேல் கிடக்கிறது. பள்ளியில் படித்த பிள்ளைக்கு அரசு கொடுத்தது அது. அந்த இலவச லேப்டாப் திட்டத்தை அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்ததும் இதே பக்கத்தில்தான். 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். கருவி வீட்டில் தங்கிவிட்டது. தூசி தட்டிச் சார்ஜ் ஏற்றினால் விளக்கு எரிகிறது, திரையும் தெரிகிறது. ஆனால் வைஃபை வருவதில்லை. உடனே "போர்டு போய்விட்டது" என்று முடிவு கட்டி எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

இது தேவையில்லாத நஷ்டம். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் எடுத்த எடுப்பில் காயில் கட்டக் கொடுப்பதில்லை. பீஸ் கட்டையையும் புட்வால்வையும் முதலில் பார்க்கிறோம். லேப்டாப்பிலும் வைஃபை வராததற்குப் பெரும்பாலும் இத்தகைய சில்லறைக் காரணங்களே இருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் அலுவலகங்கள் கழித்த கம்ப்யூட்டரை மலிவாக வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும்.

கையில் செல்போன் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். பட்டா, சிட்டா நகலைச் சர்வே எண், பரப்பு சரிபார்த்துப் படிக்கவும், சேமித்து அச்செடுக்கவும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பயிர்ப் பாதுகாப்புக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் பார்க்கவும், வரவு செலவு எழுதவும் பெரிய திரையே வசதி. நாற்பது வயதைத் தாண்டிய கண்களுக்கு இது புரியும்.

முதலில் பாட்டரியைக் கவனிக்க வேண்டும். அது உப்பியிருந்தால் சார்ஜ் ஏற்றக் கூடாது. கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டலாம். அடுத்து, வைஃபைக்கென்று உள்ள ஸ்விட்ச். பழைய லேப்டாப்கள் சிலவற்றில் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகர்த்தும் ஸ்விட்ச் ஒன்று இருக்கும். மற்றவற்றில் மேல்வரிசை விசைகளில் ஒன்றின்மேல் ஆன்டெனா படம் போட்டிருக்கும். 'எஃப்என்' விசையுடன் அதைச் சேர்த்து அழுத்த வேண்டும். இந்த ஒன்றிலேயே பலருக்கு வேலை முடிந்துவிடும்.

பெயர் தெரிகிறதா, தெரியவில்லையா?

ஸ்விட்ச் சரியாக இருந்தும் இணைப்பு வரவில்லை என்றால், வைஃபை பட்டியலில் உங்கள் ரூட்டரின் பெயர் தெரிகிறதா என்று பார்க்கவும்.

அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்கள் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியவில்லையானால் கோளாறு லேப்டாப்பில் இல்லை. இன்றைய ரூட்டர்களும் செல்போன் ஹாட்ஸ்பாட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் இயங்க வல்லவை. பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். எனவே ரூட்டரில் 2.4 அலைவரிசையை இயக்கி வைக்க வேண்டும். செல்போனானால் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'பேண்ட்' என்ற இடத்தில் 2.4 என்று மாற்ற வேண்டும்.

பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லும் சரி, ஆயினும் இணைய மறுக்கிறது என்றால் பெரும்பாலும் பூட்டு வகையில் மாறுபாடு இருக்கும். புதிய ரூட்டர்கள் சில 'டபிள்யூபிஏ 3' என்ற பூட்டை மட்டும் போட்டு வைத்திருக்கும். பழைய வைஃபை அட்டைகள் பலவற்றுக்கு அது பழக்கமில்லை. ரூட்டர் அமைப்பில் 'டபிள்யூபிஏ 2' என்று மாற்றினால் இணைந்துவிடும். பூட்டே இல்லாமல் திறந்து விடுவது கூடாது.

எந்தப் பெயருமே தெரியவில்லையா? அப்போதுதான் பின்மூடியைத் திறக்கும் வேலை. பாட்டரியை எடுத்துவிட்டுத் திறக்க வேண்டும். தீப்பெட்டி அளவில் ஒரு சிறு அட்டை இருக்கும்; அதுவே வைஃபை அட்டை. அதன்மேல் பெரும்பாலும் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரு மெல்லிய ஒயர்கள் செருகப்பட்டிருக்கும். திரைச் சட்டத்துக்குள் ஓடும் ஆன்டெனா ஒயர்கள் இவை. எப்போதோ பழுது பார்த்தவர் இவற்றைத் திரும்ப மாட்ட மறந்திருக்கலாம். ரூட்டர் பக்கத்தில் வைத்தால் மட்டும் வேலை செய்யும் லேப்டாப்பில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அட்டையின் லேபிளில் உள்ள பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளவும். இன்டெல், அதெராஸ், ரியல்டெக், பிராட்காம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அடுத்த வேலைக்கு இது தேவைப்படும்.

எந்த மென்பொருள் போடுவது?

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. இவற்றில் வைஃபை வந்தாலும் வங்கிக் கணக்கைத் திறப்பது வேலியில்லாத தோட்டத்தில் வாழை வைப்பதற்குச் சமம். லினக்ஸ் போடுவதே உசிதம், விலையும் இல்லை. அரசு லேப்டாப்பில் விண்டோஸுடன், சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்த்தே வந்தது. அதைத் திறந்து பார்த்த வீடுகள் குறைவு என்றே எண்ணுகிறேன்.

பாஸுக்கு அடிப்படை டெபியன் என்ற லினக்ஸ். வைஃபை அட்டை இயங்க 'ஃபர்ம்வேர்' என்ற சிறு மென்பொருள் தேவைப்படும். முன்பெல்லாம் டெபியனில் இதைத் தனியாகத் தேடிப் போட வேண்டியிருந்தது. "லினக்ஸில் வைஃபை வராது" என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம். 2023 ஜூனில் வெளிவந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அது நிறுவும் தொகுப்பிலேயே சேர்ந்து வருகிறது. இன்டெல் அட்டையானால் பெரும்பாலும் தானாக வேலை செய்யும். மிகப் பழைய 32 பிட் கம்ப்யூட்டருக்கு 12-ஆம் பதிப்பையே போட வேண்டும். 2025-ல் வந்த 13-ல் அதற்கு நிறுவும் தொகுப்பு இல்லை.

பழைய பிராட்காம் அட்டைகளில்தான் சிக்கல். அவற்றின் ஃபர்ம்வேரைத் தொகுப்பில் சேர்த்துக் கொடுக்க உரிமை இல்லாததால் இணையத்திலிருந்தே இறக்க வேண்டும். இணையம் வர இணையம் வேண்டும்! பம்புக்கு முதலில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினால்தானே அது தண்ணீர் எடுக்கும்? இங்கே அந்த நாலு குடத்தைச் செல்போன் கொடுக்கும். போனை ஒயரால் லேப்டாப்புடன் இணைத்து, போன் அமைப்பில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால் வைஃபை இல்லாமலே இணையம் வந்துவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு ஒயர் இதற்கு உதவாது.

எல்லாம் இணைந்தும் எந்த இணையதளமும் திறக்காமல், பாதுகாப்பு எச்சரிக்கையே வந்துகொண்டிருந்தால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்ததில் உள்ளே இருக்கும் கடிகார பாட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். விதைப் பையின் சான்று அட்டைபோல ஒவ்வொரு இணையதளத்துக்கும் தேதியிட்ட சான்று உண்டு. இன்னும் 2009 என்று எண்ணும் கம்ப்யூட்டர் அதை ஏற்பதில்லை. தேதியைத் திருத்தினால் தளங்கள் திறக்கும். பாட்டரியை மாற்றாவிட்டால் தேதி மீண்டும் பின்னால் போகும். பலவற்றில் இருப்பது 'சிஆர் 2032' என்ற பொத்தான் வடிவ பாட்டரி; விலை சொற்பம்.

அட்டையே பழுது என்று உறுதியானால் வேறு அட்டை தேட வேண்டாம். சில கம்பெனி லேப்டாப்கள் தாங்கள் அங்கீகரித்த அட்டையைத் தவிர மற்றதை ஏற்காது. யூஎஸ்பியில் செருகும் வைஃபை கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. லினக்ஸில் வேலை செய்யுமா என்று கேட்டு, கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கவும்.

பம்புசெட் அறையிலோ மாட்டுக் கொட்டகையிலோ லேப்டாப் வைப்பவர்களுக்கு இந்தக் கருவி இன்னொரு வகையிலும் உதவும். தகரம் வைஃபை அலையைத் தடுக்கும். ஈரம் நிறைந்த வாழைத் தோப்பு அதை உறிஞ்சும். நீட்டிப்பு ஒயர் ஒன்றைக் கோத்துக் கருவியை ஜன்னலுக்கு வெளியே, ரூட்டர் இருக்கும் வீட்டைப் பார்த்தாற்போல் மழை படாத இடத்தில் கட்டிவிடலாம். சாதாரண ஒயரானால் 5 மீட்டருக்குமேல் நீட்டக் கூடாது.