சிங்கப்பூர் 50 டாலர் நோட்டில் கருவாடு... வரைந்த வாத்தியார் யார் தெரியுமா?

ஆரம்பாக்கம் பக்கம் பழவேற்காடு ஏரிக்கரை மீனவ கிராமங்களுக்குப் போனால், வெயிலில் கருவாடு காய்வதைப் பார்க்கலாம். நம்மில் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடும் காட்சி அது. சிங்கப்பூரிலோ அதைப் பணத்தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள்!

1999-ல் வெளியான 50 டாலர் நோட்டின் பின்பக்கம் இரண்டு ஓவியங்கள் உண்டு. ஒன்று, சென் வென் சி வரைந்த கிப்பன் குரங்குகள். இன்னொன்று, சியோங் சூ பியெங் 1978-ல் வரைந்த 'உப்பு மீன் உலர்த்துதல்'.

யார் இந்த சியோங்?

1917-ல் சீனாவின் சியாமென் துறைமுக நகரில் பிறந்தவர். அங்கேயும் ஷாங்காயிலும் ஓவியம் படித்தார். ஜப்பானியப் படையெடுப்பு, போர் எல்லாம் கடந்து, 1946 வாக்கில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியர் வேலை. 1961 வரை அங்கேதான் பாடம் நடத்தினார்.

அது என்ன 'நன்யாங்' பாணி?

சீன மொழியில் நன்யாங் என்றால் 'தென்கடல்'. அதாவது, தென்கிழக்கு ஆசியா. புலம்பெயர்ந்து வந்த ஓவியர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. கையில் இருந்ததோ சீன மை ஓவியமும் மேற்கத்திய எண்ணெய் ஓவியமும். கண்ணுக்கு எதிரே இருந்ததோ தென்னை, கம்பத்து வீடு, மீனவர் குடியிருப்பு. ஊரை விட்டு வந்த பிறகும் சீன மலைகளையே வரைந்துகொண்டிருப்பதா?

1952-ல் சியோங், லியு காங், சென் வென் சி, சென் சோங் ஸ்வீ நால்வரும் பாலித் தீவுக்குப் போனார்கள். அங்கே கண்ட மனிதர்களையும் அவர்களின் அன்றாட வாழ்க்கையையும் வரைந்தார்கள். 1953-ல் அந்த ஓவியங்கள் சிங்கப்பூரில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. நன்யாங் பாணியின் திருப்புமுனையாக இன்றும் சொல்லப்படுவது இந்தப் பயணம்தான்.

நீண்ட கை கால்கள், பாதாம் வடிவக் கண்கள்... சியோங்கின் மனிதர்களைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுவிடலாம். ஆனாலும் ஒரே பாணியில் அவர் தேங்கவில்லை. 60-களில் ஐரோப்பா போய், உருவமில்லா அரூப ஓவியங்களிலும் இறங்கினார். பிறகு மறுபடியும் கிராமத்து மனிதர்களிடமே திரும்பினார். அப்படித் திரும்பிய காலத்தில் வரைந்ததுதான் இந்தக் கருவாட்டு ஓவியம்.

1962-ல் சிங்கப்பூர் அரசு அவருக்கு விருது கொடுத்தது. 1983-ல் காலமானார். கருவாடு உலர்த்துவது பணத்தாளில் இடம்பெறும் அளவுக்கு மதிப்பான வேலை என்று ஒரு நாடு ஏற்றுக்கொண்டது, அதற்கும் 16 ஆண்டுகள் கழித்து.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது இருக்கிறாரா? அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு 50 டாலர் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். மறக்காமல் திருப்பிப் பாருங்கள்!