ஏழு நாள் முகாம் சரி. எட்டாம் நாள் யார் வருவார்?
குன்றத்தூர் மக்களின் கேள்வி

குன்றத்தூரை ஒட்டிக் கிடக்கிறது செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பர் 1-ந்தேதி இரவு இங்கிருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சென்னையே தத்தளித்தது. அப்போது சோற்றுப் பொட்டலத்தோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவர்களில் காலேஜ் பிள்ளைகள் ஏராளம்!

இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24-ந்தேதி, 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்களோடு தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். 2 ஆண்டில் 240 மணி நேரத் தொண்டு, ஊரில் தங்கி 7 நாள் முகாம். இதுதான் கணக்கு. 2014-ல் வந்த 'உன்னத பாரத இயக்கம்' இன்னும் ஒரு படி மேலே போய், கல்லூரிகள் கிராமங்களையே தத்தெடுக்கச் சொன்னது.

பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலேயே 1993-ல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. ஆள் பஞ்சம் இல்லை, படிப்புப் பஞ்சமும் இல்லை.

பிறகு என்ன குறை?

முகாம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள். நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. 'வந்தாங்க, போனாங்க' கதைதான்!

எந்தக் கால்வாய் எங்கே அடைபட்டது என்பது ஊர்க்காரருக்குத் தெரியும். அதை அளந்து வரைபடம் போட மாணவனுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து மனு கொடுத்தால் அதிகாரி சும்மா தள்ளிவிட முடியாது.

மழை ஆண்டுதோறும் வருகிறது. மாணவர்களும் ஆண்டுதோறும் அதே தெருவுக்கு வரட்டும்!