தசைச் சுருக்கமும் குளுக்கோஸ் ஏற்பும்: உடற்பயிற்சிப் பயனை மதிப்பிடும் அளவுகோல்

உடற்பயிற்சியின் பயனை உடல் எடைக் குறைவைக் கொண்டே மதிப்பிடும் போக்கு பரவலாகக் காணப்படுகிறது. தசையின் வளர்சிதை மாற்றம் குறித்த ஆய்வுகள் இவ்வளவுகோல் போதாது என்பதைப் புலப்படுத்துகின்றன.

இன்சுலினின் தூண்டலால் குருதியிலிருந்து அகற்றப்படும் குளுக்கோஸின் பெரும்பகுதியை எலும்புத்தசைகளே ஏற்கின்றன. தசைச் செல்லின் உட்பகுதியில் உள்ள குளூட்-4 என்னும் கடத்திப் புரதத்தை இன்சுலின் செல்சவ்விற்கு நகர்த்துகிறது. அதன்வழிக் குளுக்கோஸ் உட்புகுகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் இவ்வழி மந்தமடைகிறது. ஆயினும், தசை சுருங்கும்பொழுது எழும் கால்சியச் சமிக்ஞையும் ஆற்றல் குறைவை உணரும் நொதிகளும் இன்சுலின் துணையின்றியே அப்புரதத்தை நகர்த்துகின்றன. நீரிழிவு உடையோரிடத்தும் இவ்விரண்டாம் வழி பெரிதும் பழுதுறுவதில்லை. பயிற்சிக்குப் பின்னர் இன்சுலினுக்குத் தசை துலங்கும் திறனும் மேம்படுகிறது. அம்மேம்பாடு ஓரிரு நாள்களில் தணிந்துவிடுகிறது.

அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பாய்வு இங்கு நோக்கத்தக்கது. குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்த 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். உணவு ஒழுங்கையும் உடலுழைப்பையும் மேற்கொண்ட பிரிவினருக்கு நீரிழிவு தோன்றும் இடர் 28.5 விழுக்காடு குறைந்தது. எனினும் அவர்தம் சராசரி எடை குறையவில்லை. உணவு, உழைப்பு ஆகிய இரண்டும் இணைந்திருந்தமையால் இவ்விளைவு முழுவதையும் தசைக்கே உரித்தாக்க இயலாது. ஆயினும், எடை மாறாத நிலையிலும் நோய்த்தடுப்பு நிகழக்கூடும் என்பது தெளிவாகிறது.

எனவே, எடை குறையவில்லை என்பதனால் பயிற்சியைக் கைவிடுதல் பொருந்தாது. இரண்டு நாள்களுக்கு மேல் இடைவெளி விடாத பயிற்சியே தசையின் துலங்கலைத் தக்கவைக்கும்.