ஒரே டிக்கெட்டில் எட்டு ஊரில் இறங்கலாம், தெரியுமா?

தமிழ் படிப்பதற்கென்றே அமெரிக்காவிலிருந்து மாணவர்கள் மதுரைக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள், தெரியுமா? விஸ்கான்சின் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் தன் பிள்ளைகளை ஒரு வருடப் படிப்புக்கு இங்கே அனுப்பியது. அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் தமிழ் வகுப்பு நடத்துவதும் இதே ஊரில்தான். அப்படி வந்த ஒரு பெண்ணும் அவளுடைய மதுரைத் தோழியும் ஒரு சனிக்கிழமைப் பயணத்துக்காக ரயில் வரைபடத்தை விரித்தால் போதும், தலை சுற்றும்! கிழக்கே கடல், மேற்கே ஏலக்காய் மலை, தெற்கே குமரி முனை. எல்லாவற்றுக்கும் ஒரே ஜங்ஷன்.

முதலில் கடல். ராமேஸ்வரத்துக்கு 161 கிலோமீட்டர், முன்பதிவே இல்லாத பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்துவிடலாம். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில், கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது! கடல்மேல் இப்படி எழும்பும் ரயில் பாலம் இந்தியாவில் இதுதான் முதல். இதற்கு முன்னால் இருந்தது 1914-ல் திறந்த பழைய பாலம். 1964 டிசம்பர் புயல் அதைப் பிய்த்துப் போட்டபோது சீர்செய்ய ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். பொறியாளர் ஸ்ரீதரன் எடுத்துக்கொண்டது எத்தனை நாள் தெரியுமா? 46! பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டினாரே, அவரேதான். அந்தப் புயலுக்கு முன்னால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாகக் கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட்டில் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

மலை வேண்டுமா? போடி வண்டி இருக்கிறது. 1928-ல் போட்ட பாதை. இரண்டாம் உலகப் போரில் இரும்பு தேவைப்பட்டதால் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய், 1950-களில் திரும்பப் போட்டார்கள்! 2010 கடைசியில் அகலப் பாதை வேலைக்காக மூடினார்கள். 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. உசிலம்பட்டி தாண்டியதும் ஆண்டிபட்டிக் கணவாயில் இரண்டு பக்கமும் வெட்டிய பாறை ஜன்னலை ஒட்டி ஓடும். அதைப் பார்க்கவே போகலாம். போடியில் இறங்கினால் ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர், அண்ணாந்தால் மூணாறு மலை.

இதைவிட ஒரு படி மேலே என்று நான் சொல்வது செங்கோட்டைப் பாதையை. குருவாயூர் எக்ஸ்பிரஸ் மதுரையில் புறப்பட்டுப் பகலிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்துகொண்டு கேரளத்துக்குள் இறங்குகிறது. 1904-ல் திறந்த தடம், ஐந்து குகை, கழுத்துருட்டி அருகே பதிமூன்று கண் பாலம்!

பாதைக்குப் பாதை தீனியும் மாறும். திருச்சிப் பக்கம் மணப்பாறை முறுக்கு, திருநெல்வேலிப் பக்கம் கோவில்பட்டி கடலைமிட்டாய், தென்காசிப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. மூன்றுக்குமே புவிசார் குறியீடு உண்டு.

சரி, டிக்கெட். நமக்கு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னால்தான் முன்பதிவு. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கோ 365 நாள்! அந்தப் பெண்ணைப் பார்க்க வரும் அவள் அம்மா அப்பா அடுத்த வருடத்து டிக்கெட்டை இன்றைக்கே எடுத்துவிடலாம். இடம் கிடைக்காமல் ஆர்.ஏ.சி. விழுந்தால் கவலைப்படாதீர்கள். ஓரத்துக் கீழ் பெர்த்தை நடுவில் மடித்து நிமிர்த்தினால் எதிரெதிராக இரண்டு இருக்கை, பக்கத்தில் ஜன்னல். தோழிகள் இருவர் பேசிக்கொண்டே போக அதைவிட நல்ல இடம் ரயிலில் கிடையாது.

இன்னும் இரண்டு சலுகைகள் நம்மில் பலருக்கும் தெரிவதில்லை. இந்தியாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர் விடுமுறையில் வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களைப் பார்க்கப் போனால், இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பாதிக் கட்டணம் என்று ரயில்வே சலுகைப் பட்டியலில் தனியாக ஒரு வரியே இருக்கிறது. அடுத்தது சுற்றுப் பயண டிக்கெட். கிளம்பிய ஊருக்கே திரும்பி வர வேண்டும், வழியில் எட்டு இடம் வரை இறங்கி ஏறலாம். மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு நெடுந்தூரப் பயணமாகக் கணக்கிடுவதால் தனித்தனியாக எடுப்பதைவிடச் செலவு குறைகிறது. இந்த இரண்டும் ஆன்லைனில் கிடைக்காது. முதலதற்குக் கல்லூரிச் சான்றோடு கவுன்ட்டருக்குப் போக வேண்டும். இரண்டாவதற்கு, போகும் ஊர்களை வரிசையாக எழுதிக் கோட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் கைக்கு வந்ததும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தக் கோட்ட அலுவலகமும் மதுரையிலேயே இருப்பது எவ்வளவு பெரிய வசதி!

மதுரைக் கல்லூரிப் பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் வெளிநாட்டு மாணவர் யாராவது இருந்தால் இந்த வாரமே கேளுங்கள்: எந்தப் பக்கம் போகலாம்? அவருக்குத் துணையாக நீங்களே கவுன்ட்டர் வரிசையில் நில்லுங்கள். முதல் பயணம் செங்கோட்டைப் பாதையாகவே இருக்கட்டும்.