'தமிழ் ஃபைல் ஓபன் ஆகல... ஹெல்ப் ப்ளீஸ்!' - இப்படிக் கேட்டால் ஏன் பதில் வருவதில்லை?

"பைதான்ல தமிழ் ஃபைல் ஓபன் ஆகல. நாளைக்கு புராஜெக்ட் சப்மிட் பண்ணணும். ஹெல்ப் ப்ளீஸ்!"

பைதான், லினக்ஸ் போன்ற இலவச மென்பொருள் குழுக்களில் இப்படி ஒரு கேள்வியைப் போட்டால் பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும், 'என்ன எரர்?' என்ற எதிர்க்கேள்விதான் வரும். "தெரிஞ்சா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே" என்று நமக்குக் கோபம் வரும்.

ஆனால், அங்கே இருப்பவர்கள் கஸ்டமர் கேர் ஊழியர்கள் இல்லை. பலரும் சம்பளமே வாங்காமல், தங்கள் வேலை முடிந்த பிறகு வந்து உட்காருபவர்கள். உங்கள் ஸ்கிரீனும் அவர்களுக்குத் தெரியாது.

எரரிலேயே இருக்கும் துப்பு

விண்டோஸ் கம்ப்யூட்டரில் தமிழ் ஃபைலை பைதானில் படிக்கும்போது அடிக்கடி வருவது 'யூனிகோட் டீகோட் எரர்'. அதன் கடைசி வரியில், 0எக்ஸ்8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று இருக்கும். நமக்கு அது கிறுக்கல் மாதிரி தெரியும். விஷயம் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரியே போதும்.

காரணம் இதுதான். யூடிஎஃப்-8 முறையில், மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி 3 பைட்களாகச் சேமிக்கப்படுகிறது. அதில் கடைசி பைட் 8டி. விண்டோஸில் பைதான் அந்த ஃபைலை பழைய ஆங்கில எழுத்து அட்டவணையை வைத்துப் படிக்கப் பார்க்கிறது. அந்த அட்டவணையில் 8டி-க்கு எழுத்தே கிடையாது. அங்கேயே நின்றுவிடுகிறது. (புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், கஷ்டம் புரியும்.)

அதனால்தான் எரரை ஒரு எழுத்து விடாமல் காப்பி செய்து போடச் சொல்கிறார்கள். மொபைலில் போட்டோ எடுத்துப் போட்டால் அதைத் தேடவோ, காப்பி செய்யவோ முடியாது. எந்த ஓஎஸ், எந்த வெர்ஷன் என்பதும் முக்கியம். இதே புரோகிராம் நண்பரின் லினக்ஸ் லேப்டாப்பில் எரர் இல்லாமல் ஓடும், ஏனென்றால் அங்கே வழக்கமாக யூடிஎஃப்-8தான்.

200 வரி புரோகிராமை அப்படியே கொட்ட வேண்டாம். அதே எரர் வரும் 3 வரி போதும். அப்படிச் சுருக்கும்போதே பலருக்கு விடை கிடைத்துவிடும். பாஸ்வேர்ட் ஏதாவது இருந்தால் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வியே தப்பாக இருந்தால்?

சிலர் தாங்களே ஒரு வைத்தியத்தை யோசித்துவிட்டு, "ஃபைல்ல இருந்து 8டி பைட்டை எப்படி நீக்குறது?" என்று கேட்பார்கள். இதை 'எக்ஸ்-ஒய் பிராப்ளம்' என்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் புள்ளிகள் எல்லாம் சிதைந்து, ஃபைலே குப்பையாகிவிடும். "தமிழ் ஃபைலைப் படிக்கணும், இந்த எரர் வருது, இதை முயற்சி பண்ணினேன்" என்று உண்மையான தேவையைச் சொல்லிவிட்டால், ஃபைலைத் திறக்கும் வரியில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடச் சொல்வார்கள். அவ்வளவுதான் வேலை.

'மேனுவலைப் படிச்சியா?' என்று எரிந்து விழும் சீனியர்களும் உண்டு. அது தப்புதான். ஆனால், எங்கே தேடினோம், என்ன படித்தோம் என்று 2 வரி சேர்த்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமே இருக்காது.

பிரச்னை தீர்ந்ததும் 'ஓகே, தேங்க்ஸ்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், எந்த வரியை மாற்றியதும் சரியானது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். அடுத்த வாரம் இதே 8டி எரரோடு ஒருவர் தேடிக்கொண்டு வருவார்.