மனசு சரியில்லையா, நடத்தை சரியில்லையா?

ஏற்காட்டிலிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். நாகலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் 18 ஆண்டு சர்வீஸ். உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி கொடுத்த தீர்ப்பில் அவரும் மாட்டிக்கொண்டார். 2 ஆண்டுக்குள் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். மூன்று கைடு வாங்கிப் படிக்கிறார். ‘உளவியல் என்பது எதைப் பற்றிய அறிவியல்?’ என்ற கேள்விக்கு ஒரு கைடு மனம் என்கிறது, இன்னொன்று நனவு என்கிறது, மூன்றாவது நடத்தை என்கிறது. எதை எழுதுவது? இதே குழப்பத்தோடு வேறு சில கடிதங்களும் வந்து கிடக்கின்றன.

மதிப்பெண் மட்டும் போதும் என்பவர்களுக்கு: வுண்ட் பெயர் இருந்தால் நனவு, வில்லியம் ஜேம்ஸ் என்றால் மன வாழ்க்கை, வாட்சன் என்றால் நடத்தை. பெயரே இல்லாமல் கேட்டால் நடத்தை என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

ஆனால் ஆன்மா, மனம், நனவு, நடத்தை என்று கைடுகள் போட்டிருக்கும் நாலு படி ஏணி இருக்கிறதே, அது உளவியலாளர் உட்வொர்த் பெயரில் வழங்கும் ஒரு கேலியின் சாயல். ஒவ்வொன்றாகத் தொலைத்துவிட்டு வந்த துறை என்று உளவியலைச் சீண்டியது அந்தக் கேலி. நம் ஊரில் அதையே வரிசை எண் போட்டு மனப்பாடப் பகுதி ஆக்கிவிட்டோம். ஏணி 1913-இல் வாட்சனோடு நின்றும்விடுகிறது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அளப்போம், மனம் என்ற பேச்சே வேண்டாம் என்றவர் அவர். சில ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தை விட்டு விளம்பரக் கம்பெனிக்குப் போய்விட்டார். 1967-இல் உளவியலாளர் நைசர் ‘அறிதல் உளவியல்’ என்று புத்தகம் போடுவதற்குள் நினைவு, கவனம், சிந்தனை எல்லாம் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாயிற்று. இன்றைய பாடப்புத்தகங்கள் மனம், நடத்தை இரண்டையும் சேர்த்தே சொல்கின்றன.

தமிழ் வேறு வழியில் நடந்தது. வாரப் பத்திரிகைகளும் சினிமாவும் ‘மனோதத்துவம்’ என்றன; தத்துவத்தின் ஒரு கிளை போல. ‘உளநூல்’ வந்தது, பிறகு ‘உளவியல்’ நிலைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் போவாஸ் தலைமையில் தொடங்கிய துறை, இன்று சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டது. எந்தப் பெயரை வைத்தாலும் உள்ளமோ மனமோ உள்ளே இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

எடுத்தது 2021-இல் வந்த ஒரு சட்டம். துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதன் அட்டவணையில் உளவியலாளர்களுக்கு ஒரு பிரிவு உண்டு; நீரிழிவுக் கல்வியாளர், தாய்ப்பால் ஆலோசகர், குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசகர் எல்லாரும் அதே வரிசையில். பிரிவின் பெயர் ‘நடத்தை நல அறிவியல் வல்லுநர்’. விளக்கம் பெரிதாகத் தப்பில்லை: உணர்ச்சி, நடத்தை, உயிரியல், ‘நான்’ என்ற எண்ணம் எல்லாவற்றையும் தொடுகிறது. இடையில் ஒரு வாக்கியம் செருகப்பட்டிருக்கிறது. ‘மனநலம்’ என்பதைவிட ‘நடத்தை நலம்’ என்பதே விரும்பத்தக்க சொல்லாம். யாருடைய விருப்பம்? சட்டம் சொல்லவில்லை. இதே நாடாளுமன்றம் 4 ஆண்டு முன்னால், 2017-இல், மனநலப் பராமரிப்புச் சட்டம் என்றுதான் பெயர் வைத்தது.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். அங்கே ‘மென்டல்’ என்பது வசவு. நம் தெருவிலும் அந்தச் சொல் வசவாகத்தான் இறக்குமதி ஆனது. ஆனால் தமிழில் ‘மனம்’ வசவு இல்லை. வசவு எதுவென்றால் ‘நடத்தை’. நன்னடத்தைச் சான்றிதழ், நன்னடத்தை அலுவலர், தேர்தல் நடத்தை விதி என்று அந்தச் சொல் எங்கே வந்தாலும் பக்கத்தில் ஒரு அதிகாரி நிற்கிறார். ஒரு பெண்ணைப் பற்றி ‘நடத்தை சரியில்லை’ என்று சொல்லிப் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்க்கும்.

கடிதம் எழுதிய ஆசிரியையைப் பார்க்க 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனேன். ஒண்டிக்கடை என்ற இடத்தில் டீக்கடை பெஞ்சில் கைடைப் பிரித்து வைத்திருந்தார். வகுப்பில் பிள்ளைகளிடம் ‘நடத்தைன்னா என்ன?’ என்று கேட்டாராம். முதல் பெஞ்சுப் பையன் சொன்ன பதில்: “கெட்ட வார்த்தை பேசாம இருக்கறது, டீச்சர்.”

பஸ்ஸுக்கு நின்ற எஸ்டேட் தொழிலாளி ஒருவர் ஆசிரியையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காப்பிப் பழம் பறித்துப் பறித்து விரல் நுனி கறுத்திருந்தது. “ரெண்டு மாசமா மனசே சரியில்ல டீச்சரம்மா. ராத்திரி தூக்கம் வரல.” ஆசிரியை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார், எந்த நாள் போகலாம் என்றும் சொன்னார். பஸ் போன பிறகு என் பக்கம் திரும்பினார்: “இவங்ககிட்ட நடத்தை நல ஆலோசகரைப் பாருங்கன்னு சொன்னா, அப்புறம் என் மூஞ்சியில முழிப்பாங்களா சார்?”

இது வெறும் மொழிபெயர்ப்புத் தகராறு இல்லை. வாட்சனுக்கு நடத்தை என்பது ஓர் உயிர் செய்வது எல்லாம். நல்லது கெட்டது என்ற தீர்ப்பு அதில் கிடையாது. தமிழில் அந்தச் சொல் தீர்ப்போடுதான் வருகிறது. நாளைக்கு மலைக் கிராமத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘நடத்தை நலப் பிரிவு’ என்று போர்டு மாட்டினால், அந்தக் கதவுக்குள் யார் நுழைவார்கள் என்று டெல்லியில் யாராவது கேட்டார்களா? அதே சட்டம், சுகாதார வல்லுநர் யார் என்பதை மணிக்கணக்கிலும் அளக்கிறது: 3 முதல் 6 ஆண்டுக்குள் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு. ஆன்மாவில் தொடங்கிய வரையறை மணிக்கணக்கில் வந்து நிற்கிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

உளவியலைத் தொலைநிலைக் கல்வியில் படிக்கலாமா? 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யுஜிசி நிறுத்திவிட்டது; காரணம் மேலே சொன்ன 2021 சட்டம்.

மருத்துவ உளவியலாளரும் இந்தச் சட்டத்தில் வருவாரா? மாட்டார், அவர் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிய வேண்டும்.

உளவியலாளர் மாத்திரை எழுதித் தரலாமா? கூடாது; அது மனநல மருத்துவரின் வேலை.

சித்த மருத்துவர் மனநல வல்லுநர் ஆவாரா? சிறப்பு மருத்துவத்தில் முதுநிலை முடித்திருந்தால் 2017 சட்டம் ஏற்கிறது.

ஓய்வுக்கு 5 ஆண்டுக்கும் குறைவு, நானும் டெட் எழுதணுமா? வேலையில் நீடிக்க டெட் தேவையில்லை. பதவி உயர்வு வேண்டுமென்றால் எழுத வேண்டும்.

டெட் தாளில் இந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண்? 150-க்கு 30.

ஒன்று மிச்சம். நடத்தை நலமே விரும்பத்தக்கது என்று 2021-இல் எழுதிய அதே மத்திய அரசு, 2022 அக்டோபர் 10-ஆம் தேதி ஒரு தொலைபேசி உதவி மையம் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் டெலி மானஸ். எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். மனசு சரியில்லை என்று சொன்னால் போதும்.